விரலில் மை இருந்த நாட்கள்



2014 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. மக்களவைத் தேர்தல். வெயில் ஏறுவதற்குள் ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் காலையிலேயே வரிசை நீண்டுவிட்டது. காஷ்மீரின் அனந்த்நாக் தொகுதியிலும் அன்றுதான் வாக்குப்பதிவு. அங்கே சோபியானில் தேர்தல் அலுவலர்கள் போன வண்டியைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். ஓர் அலுவலர் இறந்துபோனார்.

அந்தத் தீவிரவாதிகளைத் தேடி மறுநாள் சோபியானின் காஸிபத்ரி கிராமத்தைச் சுற்றி வளைத்தது ராணுவத்தின் 44 ராஷ்டிரிய ரைஃபிள்ஸ். முன்னால் நின்று நடத்தியவர் நம் தாம்பரத்துப் பிள்ளை மேஜர் முகுந்த் வரதராஜன். ஹிஸ்புல் முஜாஹிதீனின் அல்தாஃப் வானி அந்தச் சண்டையில் கொல்லப்பட்டான். குண்டடி பட்ட முகுந்த் தன் காலாலேயே நடந்து வெளியே வந்து, அதன் பிறகுதான் சரிந்தார். 31 வயது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூன்று வயதில் ஒரு மகள்.

பி.காம். முடித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் டிப்ளமோ படித்தவர் அவர். எங்கள் தொழிலுக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளை. அவரோ பரங்கிமலையில் பயிற்சி பெற்று, 2006-ல் ராஜ்புத் படைப்பிரிவில் காலாட்படை அதிகாரியானார். ஐ.நா. அமைதிப்படையோடு லெபனானுக்கும் போய் வந்தார்.

ஏப்ரல் 28 அன்று பெசன்ட் நகர் மயானத்தில் ராணுவ மரியாதையோடு தகனம். உறவே இல்லாத எத்தனையோ பேர் வந்து நின்றார்கள். பூப்போட்ட கைகளில் ஓட்டுச்சாவடியில் வைத்த மை இன்னும் அழியவில்லை. நாம் நிம்மதியாகப் போட்ட அதே ஓட்டின் பொருட்டு, நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் அங்கே உயிரைக் கொடுத்திருந்தார்.

அடுத்த குடியரசு நாளில் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் அசோக சக்ரா விருதைப் பெற்றுக்கொண்டார். 2024 தீபாவளிக்கு அவர் கதையைச் சொல்லும் ‘அமரன்’ படம் வந்த பிறகு, முகுந்தைச் சின்னக் குழந்தைகளுக்கும் தெரியும். மகிழ்ச்சிதான். ஆனால் அதே சண்டையில் இறந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பதக்கம் வாங்கிய அதிகாரிகளின் பெயர் எப்படியாவது நிலைத்துவிடும். சிப்பாய்களின் பெயரை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ படைக்குப் போய்த் திரும்பாத சிப்பாய் யாராவது இருந்தால், அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அவர் போட்ட கடிதம், சீருடையில் எடுத்த படம் எது இருந்தாலும் பிரதி எடுத்து அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். வரும் இதழ்களில் இடம் ஒதுக்கி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்