முகம் எங்கே?

கலைப் புகைப்படம் கற்கப் புறப்படும் மாணவனுக்குத் தில்லியில் மூன்று பொருள்கள் தயாராகக் காத்திருக்கின்றன: மூடுபனி, பழைய கோட்டைகள், ஏழை மனிதர்கள். முதல் இரண்டைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் நம் மன்றத்து அன்பர்களோடு சற்று வாதாட விரும்புகிறேன்.

சென்ற ஜனவரியில் ஒரு காலை. விசுவவித்யாலயா மெட்ரோ நிலைய வாசலில், சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் கால்களை மடக்கிக்கொண்டு, போர்வையைச் சுற்றியபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் வெள்ளை வெளேரென்று மூடுபனி. சாலையின் எதிர்ப்புறம் நின்று, நண்பனிடம் இரவல் வாங்கிய நீண்ட லென்ஸால் படம் எடுத்தேன். அவருக்குத் தெரியாது. படத்தில் அவர் உருவம் முழுக் கறுப்பாக விழுந்திருந்தது. சக்கரக் கம்பிகள் மட்டும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. வளாகத்தில் நடந்த ஒரு போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. “முகத்தை மறைத்ததால் மனிதன் குறியீடாகிவிட்டான்” என்று நடுவர் ஒருவர் பாராட்டினார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முகத்தை மறைத்தவன் நானல்லன், காமிராவின் ஒளிமானி. அந்தக் கருவிக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புவது. ஏறத்தாழ அப்படிப்பட்ட சாம்பலாகவே ஒளிமானி எதையும் கருதும். எதிரே வெண்பனி நின்றால், வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று எண்ணிக் குறைத்துவிடும். பனி சாம்பலாகும், பனிக்கு முன்னிருக்கும் மாநிற முகம் கரியாகும். பௌதிகம் படிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்துதான் இருந்தது, பரீட்சைத் தாளில்.

பரிசுப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, பெருமையோடு அவரிடம் போனேன். பீகாரிலிருந்து வந்தவர். என் இந்தி இன்னும் மெஸ் சமையற்காரர் சிரிக்கும் நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது புரிந்தது. “முகம் எங்கே?” பிறகு படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, “இதை வீட்டுக்கு எப்படி அனுப்புவது, பையா? செத்தவன் மாதிரி இருக்கிறதே!” என்றார்.

கறுத்த முகங்களைப் புகைப்படக் கலை தவறவிட்டது எனக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. கோடாக் நிறுவனம் வண்ணப் படக் கூடங்களுக்கு அனுப்பிவந்த ‘ஷர்லி’ அட்டையில் பல்லாண்டுக் காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி! பல நிறத்தாரையும் காட்டும் அட்டை 1990களில்தான் வந்தது.

நிற்க. மறுநாள் 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டேன். அதைக் கொண்டு ஒருவர் முகத்தை எடுக்க வேண்டுமானால் மூன்று நான்கு அடி அருகே போயாக வேண்டும். போனபின் பேசாமலிருக்க முடியாது. ஒளியை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. அவர் போர்வையை மடித்து வைத்தார், தலை வாரினார், கைப்பிடியில் கை வைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவரைப் போல விறைத்து நின்றார். ஐந்தாறு படங்கள் அப்படியே போயின. அதற்குள் பக்கத்து ரிக்‌ஷாக்காரர் ஏதோ கேலி செய்ய, இவர் திரும்பிச் சிரித்தபடி பதில் கொடுத்தார். நான் இதுவரை எடுத்தவற்றுள் அதுதான் படம் என்பது என் எண்ணம். அவரோ, விறைத்து நின்றதையே வீட்டுக்கென்று தேர்ந்தெடுத்தார்!

“கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும், கார்த்தியே பிரெஸ்ஸோன் கேட்டா எடுத்தார்?” என்கிறார்கள் நண்பர்கள். பெரும்பாலும் கேட்கவில்லைதான். ஆனால் அவர் பெரிதும் நம்பியது 50 மில்லிமீட்டர் லென்ஸை. எட்ட நின்று களவாடும் நீண்ட லென்ஸை அன்று. இதே தில்லியில், 1948 ஜனவரியில், காந்தியடிகள் கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்தபோது, தம் படங்கள் அடங்கிய புத்தகத்தை அவரிடம் காட்டியிருக்கிறார். நாம் யாரிடம் காட்டுகிறோம்? 1943 வங்கப் பஞ்சத்தைப் படம் எடுத்த சுனில் ஜானாவையும் சிலர் துணைக்கு அழைப்பதுண்டு. சாகிறவரிடம் அனுமதி கேட்டாரா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வராது. அப்படங்கள் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில் செய்தியாக வெளிவந்து பஞ்சத்தை ஊருக்குச் சொல்லின. நம் படங்கள் போவது போட்டிச் சுவருக்கு.

ஆகவே நம் பொங்கல் விழாக் கண்காட்சிக்கு ஒரு விதி வேண்டுமென்கிறேன். முகம் அறியா மனிதரைப் படம் எடுத்தவர் இரண்டு பிரதிகள் போடட்டும்: ஒன்று சுவருக்கு, ஒன்று அந்த மனிதருக்கு. அவர் சம்மதித்தால் படத்தின் கீழே அவர் பெயரே தலைப்பு. இப்படிச் செய்தால் வரும் படங்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று செயலாளர் அஞ்சுகிறார். குறையட்டுமே! சென்ற பொங்கலுக்கு ‘ஏக்கம்’ என்ற தலைப்பில் மட்டும் நான்கு படங்கள் தொங்கின. அவற்றில் ஒன்று என்னுடையது.