தூசி எங்கே போகிறது?

இந்த வாரம் பக்கத்துக்குப் பக்கம் மின்கருவித் தள்ளுபடி விளம்பரங்கள். வீட்டுத் தச்சு வேலையில் மரத்தைத் தேய்க்கும் ஒவ்வொரு சாண்டரின் கீழும் கொட்டை எழுத்தில் வாட், பக்கத்திலேயே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண். வாட் கணக்கைக் காட்டிப் பொருள் விற்பதில் எனக்குள்ள எரிச்சல் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கடைசித் தேய்ப்பு என்பது கையால் அழுத்தாமல், கருவியை அதன் சொந்த எடையிலேயே ஓடவிட வேண்டிய வேலை. அதற்கு எதற்கு அத்தனை வலிமை? பார்க்க வேண்டியது உப்புத்தாள் பொருத்தும் தட்டு எவ்வளவு தூரம் அலைகிறது என்பதை. 5 மி.மீ. என்றால் வேகமாகச் சுரண்டும், 2.5 மி.மீ. அளவில் இருந்தால் பரப்பு வழவழப்பாகும். கால் தாள் பொருத்தும் சதுர சாண்டர் இழுப்பறையின் மூலைவரை போகும். 125 மி.மீ. வட்டத்தட்டு அலைந்தபடியே சுழலவும் செய்வதால் ஒரே கீறலின் மேல் மறுபடி மறுபடி கீறாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வட்டத்தட்டையே சொல்வேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தேய்த்தெடுத்த தூசி எங்கே போகிறது?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று காட்ட, இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விகோம் என்று ஓர் ஊர். நாற்காலிக்குப் பேர்போனது; சுற்றியிருந்த பீச் மரக்காடுகள் அந்தத் தொழிலை வளர்த்தன. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு, மிக அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடமே திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கவனித்தார். நோயாளியின் தொழில் என்ன என்று கேட்டு, பதிலை மனத்தில் இருத்திக்கொண்ட மருத்துவரால் திறந்த வழி இது. மருத்துவ வரலாற்றில் பெரிய கருவிகளால் நடந்த கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் புகழ் இதற்குக் கிடைக்காதது எனக்கு ஆறாத குறை. டொனால்ட் ஆச்சிசன் முதலானோருடன் அவர் சேர்ந்து செய்த ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மறு ஆண்டே பிரிட்டன் அந்தப் புற்றுநோயை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற தன் முதல் பிரிவில் வைத்தது. கல்நாரும் புகையிலைப் புகையும் இருக்கும் பிரிவு அது. ஒரே பிரிவு என்பதால் ஒரே அளவு ஆபத்து என்று பொருளல்ல. சான்று உறுதியானது என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியிடக் காற்றின் ஒரு கன மீட்டரில் கடினமரத் தூசி 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2023 முதல் நடப்பில் உள்ளது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரம் தேய்ப்பவருக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விகோம் தொழிலாளர்கள் வாழ்நாள் முழுக்கத் தூசியில் நின்றவர்கள். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. வீட்டுத் தச்சரின் ஆபத்து அதில் சிறு பங்குதான். ஆனால் தொழிற்கூடத்தில் இல்லாத ஒன்று வீட்டில் இருக்கிறது: பக்கத்து அறையில் குழந்தை. சாண்டர் கிளப்பும் மிக நுண்ணிய துகள் கண்ணுக்குத் தெரியாது, கருவியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் காற்றிலேயே மிதக்கும். தேக்கு, ஈட்டி மரத் தூசிகளால் சிலருக்கு வரும் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் பல பத்தாண்டுகள் காத்திருப்பதில்லை. முகக்கவசம் போதாதா என்றால், நல்ல கவசம் அணிந்தவரைக் காக்கும், அதுவும் அணிந்திருக்கும் வரை. சாண்டரோடு கூடவே வரும் துணிப்பை இருக்கிறதே என்றால், பருந்தூளை அது பிடிக்கும். நுரையீரலுக்குள் ஆழப் போகக்கூடிய நுண்தூளில் நிறையத் துணியின் இழை வழியே வெளியேறிவிடும்.

ஆகவே சாண்டரைத் தனியாக விலை பேசக் கூடாது. உறிஞ்சும் வாக்குவம் கிளீனரையும் அதன் நுண்வடிகட்டியையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும், அதற்காகச் சாண்டரில் ஒரு படி இறங்கினாலும் சரி. செலவு இரட்டிப்பாகிறதே என்பவர்களுக்கு என் பதில், அந்தப் பணம் மரத்திலும் தெரியும் என்பதே. தட்டுக்கு அடியில் தங்கும் தூளும் தாளிலிருந்து உதிர்ந்த மணலும்தான் பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும் சுருள் கீறல்களைப் போடுகின்றன. உறிஞ்சிக்கொண்டே தேய்த்தால் அவை குறையும், உப்புத்தாளும் அடைபடாமல் அதிக நாள் உழைக்கும். சதுர சாண்டர் வாங்குபவர்கள், தட்டில் உள்ள துளைகளுக்கு நேராகத் தாளிலும் துளையிட்டாக வேண்டும். துளையில்லாத தாளை மாட்டினால் எந்த வாக்குவமும் உதவாது. குழாய் வாய்களின் விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாண்டரையும் வாக்குவத்தையும் இணைக்கும் அடாப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் திறந்து பார்த்துவிடுங்கள்.