தப்பு பைலட் மேல இல்ல, பாஸ்!

ஃபேன் போடப் போய் டியூப்லைட்டை அணைச்சிருக்கீங்களா? ஒரே மாதிரி ஸ்விட்ச் வரிசையா இருந்தா கை தடுமாறத்தான் செய்யும். இந்தத் தடுமாற்றம்தான் இரண்டாம் உலகப்போரில் பல விமானங்களைப் பதம் பார்த்தது.

அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமா தரையிறங்கும். அப்புறம் இறக்கையில் இருக்கும் ஃபிளாப்பை மடக்கப்போன பைலட், சக்கரத்தை மடக்கிடுவார். விமானம் வயிற்றைத் தேய்த்தபடி தரையில் உட்காரும்! பழி? பைலட் மேல்தான்.

1943-ல் அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். ரெண்டு ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில், அச்சு அசலா ஒரே மாதிரி! ஒன்றில் குட்டி ரப்பர் சக்கரத்தையும், இன்னொன்றில் ஆப்பு வடிவத் துண்டையும் மாட்டினார். தொட்டாலே தெரிஞ்சுடும். மேட்டர் ஓவர்!

இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் லேண்டிங் கியர் லீவரின் தலை சக்கர வடிவம்தான். மெஷினுக்காக மனுஷன் இல்லை, மனுஷனுக்காகத்தான் மெஷின் என்கிற 'எர்கனாமிக்ஸ்' துறைக்கு உரம் போட்டதே இப்படிப்பட்ட காக்பிட் ஆராய்ச்சிகள்தான். கார் டேஷ்போர்டு முதல் ஆபரேஷன் தியேட்டர் கருவிகள் வரை இன்று அதன் கைவண்ணம் உண்டு.

அதனால ஃப்ரெண்ட்ஸ், உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டெமோவில் யாராவது தப்பான பட்டனை அமுக்கினா, அவரை முறைக்காதீங்க. முதல்ல பட்டனை முறைங்க!