ஹலகலி லாவணி: கொள்ளைபோன வீட்டின் கணக்கு

வடகர்நாடகத்தில் முதோளை அடுத்த ஹலகலி என்ற சிற்றூர் 1857 நவம்பர் இறுதியில் அழிக்கப்பட்டதைப் பாடுகிறது, ‘ஹலகலி பேடரு’ என்று கன்னட நாட்டார் இலக்கியத்தில் வழங்கும் லாவணிப் பாட்டு. இன்று பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று கோர்படே வம்சத்தாரின் முதோள் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வடக்கே சிப்பாய்கள் எழுந்த ஆண்டு அது. மக்கள் கையில் ஆயுதம் இருப்பதைக் கண்டே அஞ்சிய கம்பெனி அரசு, அனுமதியில்லாமல் எவரும் அதை வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. சட்டம் எல்லாருக்கும் பொது. அடி விழுந்தது சிலருக்குத்தான். ஹலகலியின் பேடர்கள் வேட்டையாடிப் பிழைத்தவர்கள், பாளையங்களில் காவலும் படைச்சேவகமும் பார்த்தவர்கள். கத்தியும் துப்பாக்கியும்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. ஊரில் அவர்களுக்கிருந்த மதிப்பும் அவற்றால் வந்ததே. ஒப்படைக்க மறுத்தார்கள்.

மால்கம் என்ற அதிகாரியின் குதிரைப்படை வந்து ஊரை வளைத்தது. வீடுகள் எரிந்தன. ஏறத்தாழ 290 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 19 பேரை டிசம்பரில் முதோளிலும் ஹலகலியிலும் தூக்கிலிட்டார்கள்.

லாவணி இந்த வரிசையிலேயே நடக்கிறது. சீமையிலிருந்து உத்தரவு வருவதில் தொடங்கி, பூஜேரி ஹனமன், பாலன், ஜடகன், ராமன் என்ற நால்வர் ஆயுதத்தைத் தரமாட்டோம் என்று உறுதி பூணுவதையும், கேட்க வந்த அரசாங்க ஆட்கள் அடிபட்டுத் திரும்புவதையும், பிறகு துருப்பு வந்து சூழ்வதையும் சொல்கிறது. பாட்டில் வரும் ‘கார் சாயபு’ கெர் என்ற குதிரைப்படை அதிகாரி. மக்கள் நாக்கு அந்தப் பெயரைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. ஆனால் சண்டையின் காரணத்தை அது வளைக்கவில்லை. ஆயுதத்தை வாங்கிக்கொண்டால் பிழைப்பும் மானமும் போய்விடும் என்ற அச்சமே கலகத்தின் வேர் என்பதைப் பாட்டு முதலிலேயே பிடித்துவிடுகிறது.

பாட்டின் உச்சம் சண்டையில் இல்லை, அதற்குப் பின் வரும் கொள்ளையில் இருக்கிறது. வீடுகளிலிருந்து பறிபோனவற்றை லாவணி ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. உழவுக் கருவிகள் போயின. பாலும் தயிரும் போயின. உப்பு, மஞ்சள், சீரகம், வெல்லம் என்று அஞ்சறைப் பெட்டிச் சாமான்கள்கூட மிஞ்சவில்லை. தட்டும் செம்பும் போக, தாலியும் திரிகைக்கல்லும்கூடப் பட்டியலில் வருகின்றன. கலகம் ஒடுக்கப்பட்டது, ஊர் கொளுத்தப்பட்டது என்று எழுதுகிறவனுக்கு அது இரண்டு வரியோடு முடிகிற செய்தி. சீரகம் போனதைச் சொல்ல அடுப்படியை அறிந்த ஒருவர் வேண்டும். திரிகை போன வீட்டில் மறுநாள் மாவரைக்க முடியாது என்பதைப் பாட்டு விளக்கவில்லை; கேட்டவர்களுக்கு விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. இந்தப் பகுதிக்காகவே இந்த லாவணி சரித்திர ஆவணமாக மதிக்கப்பட வேண்டும். நாள், படைபலம், தண்டனை ஆகியவற்றை அரசாங்கக் காகிதங்களிலிருந்து பெறலாம். ஒரு குடிக்கு என்ன நஷ்டம் என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி கிடையாது.

இதை அச்சில் ஏற்றியவர் ஜான் ஃபெய்த்ஃபுல் ஃப்ளீட் என்ற ஆங்கிலேயர். பம்பாய் மாகாணத்தில் சிவில் அதிகாரி. பின்னாளில் குப்தர் கல்வெட்டுகளைப் பதிப்பித்துப் பெயர் பெற்றவர். 1885 முதல் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் கன்னட லாவணிகளை மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டார். கம்பெனியை எதிர்த்த கித்தூரின் சங்கொள்ளி ராயண்ணன் மீதான பாட்டும், வருமான வரியால் மக்கள் பட்ட பாட்டைச் சொல்லும் பாட்டும் அந்த வரிசையில் வந்தவை. ஹலகலியில் தூக்குமரம் நட்டு முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. தன் அரசை எதிர்த்து மடிந்தவர்களின் பாட்டை அந்த அரசின் அதிகாரியே மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார். பின்னர் பி. எஸ். கத்தகிமடம் போன்ற கன்னட ஆய்வாளர்களின் தொகுப்புகள் வழியாகப் பாட்டு கன்னட வாசகர்களிடமே திரும்பி வந்தது.

லாவணி தமிழருக்குப் புதிதன்று. மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த அது, காமன் பண்டிகையில் எரிந்த கட்சியாகவும் எரியாத கட்சியாகவும் நின்று வாதாடும் கலையாக ஊன்றியது. கன்னட நாட்டிலும் அப்படிப்பட்ட எதிர்ப்பாட்டு மரபு உண்டு. ஆனால் அங்கே அதே வடிவம் கலகத்தையும் வரிக்கொடுமையையும் ஊர் ஊராகக் கொண்டுசென்றது. தமிழில் அந்த வேலையைச் சிந்தும் கும்மியும் கதைப்பாடலும் செய்தன. தாது வருஷப் பஞ்சத்தைக் கும்மிகள் பாடின. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததைப் பாடுகிறது. ஹலகலி லாவணியை வைத்துப் படிக்க வேண்டிய இடம் இவற்றின் பக்கம்தான்.

ஃப்ளீட் வெளியிட்ட பாட்டுகளில் வரும் ராயண்ணனின் பெயர் பெங்களூரில் தெரியாதவர் இல்லை. 1831 ஜனவரி 26 அன்று நந்தகடில் தூக்கிலிடப்பட்ட அவர் பெயரையே நகரின் தலைமை ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. ஹலகலி இந்நகரத்துக்கு வந்தது பத்தாம் வகுப்புக் கன்னடப் பாடநூல் வழியாக. வடகர்நாடகப் பேச்சுமொழியிலேயே அச்சான அந்தப் பாடத்தைக் கன்னட வழியில் பயின்ற தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். பாகல்கோட்டைப் பேச்சு நகரத்துப் பிள்ளைகளுக்குக் கடினம்தான். ஆயினும் அதைத் திருத்தி எழுதாமல் விட்டது நல்ல முடிவு. கொள்ளைபோன அந்தப் பொருள்களின் பெயர்கள் பறிகொடுத்தவர்களின் வாயில் இருந்தபடியே மாணவர்களின் காதுக்கும் வந்து சேர்ந்தன.