வெட்டு இல்லாத படமும் விடுபட்ட ஆண்டும்

அலெக்சாண்டர் சொகுரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ (2002) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சாதனையைப் பற்றியே எழுதுகிறார்கள். 96 நிமிடப் படம், ஒரே ஷாட், நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. அந்தச் சாதனையை நாம் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் வியப்போடு நின்றுவிடுகிறவர்களுக்குப் படத்தின் வாசல் மட்டுமே கிடைக்கிறது.

உழைப்பை முதலில் சொல்லிவிடுவோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம், அதாவது ஜார் மன்னர்களின் பழைய குளிர்கால அரண்மனை, படப்பிடிப்புக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது: 2001 டிசம்பர் 23. அந்த மாதத்தில் அங்கே பகல் வெளிச்சம் சில மணி நேரமே. 33 அறைகள், ஈராயிரத்தைத் தொடும் நடிகர் கூட்டம், மரீன்ஸ்கி இசைக்குழுவுடன் வலேரி கெர்கியெவ். ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் டில்மான் பூட்னர், முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் ஸ்டெடிகேமை உடம்பில் மாட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நின்றுபோனது. நான்காவது முறை எடுத்ததுதான் நாம் பார்க்கும் படம். 1948-இல் ‘ரோப்’ எடுத்த ஹிட்ச்காக்குக்குப் பத்து நிமிடத்தில் ஃபிலிம் சுருள் தீர்ந்துவிடும். நடிகரின் கோட்டு முதுகில் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தி அவர் ஒட்டை மறைத்தார். சொகுரோவுக்கு வன்தட்டு வந்துவிட்டிருந்தது. ஒலி பின்னர் சேர்க்கப்பட்டது, பிம்பங்கள் கணினியில் திருத்தப்பட்டன. இருந்தாலும் பூட்னர் நடந்த நடையை எந்தக் கணினியும் நடந்துவிடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கதைசொல்லி (குரல் சொகுரோவுடையது), அவனுக்கு முன்னே கறுப்புடையில் ஓர் ஐரோப்பியர். 1839-இல் ரஷ்யாவில் பயணம் செய்து அந்த நாட்டைக் கடுமையாக விமர்சித்து எழுதிய பிரெஞ்சுப் பிரபு கியூஸ்தினின் சாயலில் அமைந்த பாத்திரம் இது. செர்கெய் திரெய்தன் அதைக் குறும்பும் அகந்தையுமாக நடித்திருக்கிறார். இருவரும் அறை அறையாகப் போகிறார்கள். ஓர் அறையில் மகா பீட்டர் தன் தளபதியை அடித்துக்கொண்டிருக்கிறார். அரங்கில் பேரரசி கேத்தரின் ஒத்திகை பார்க்கிறாள். வேறு சில கதவுகளைக் கடந்ததும் அதே கேத்தரின் கிழவியாகி, பனி மூடிய தோட்டத்தில் நம்மை விட்டு விலகி ஓடுகிறாள். ஓர் ஆயுள் கழிந்துவிட்டது, கேமராவோ ஒரு கணமும் அணையவில்லை. மற்ற இயக்குநர்கள் வெட்டு வைக்கும் இடத்தில் சொகுரோவ் ஒரு கதவை வைக்கிறார். கேமராவின் காலம் அறுபடாமல் ஓடுகிறது. வரலாற்றின் காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. இந்த இரண்டு காலங்களும் உரசும் இடத்தில்தான் படம் உயிர்கொள்கிறது. யாருமே இங்கே ‘முன்பு’ வாழ்ந்தவர்கள் இல்லை. எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்.

திறக்க வேண்டாம் என்று கதைசொல்லி தடுத்தும் பயணி ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். உள்ளே பனி, வெறும் சட்டகங்கள், தன் சவப்பெட்டியைத் தானே செய்துகொண்டிருக்கும் ஒரு மனிதன். இது லெனின்கிராட் (இதே நகரின் சோவியத் காலப் பெயர்) முற்றுகையின் அறை. 1941-இல் ஹெர்மிடாஜின் ஓவியங்கள் யூரல் பக்கம் அனுப்பப்பட்டன, சட்டகங்கள் சுவரிலேயே தொங்கின. கிட்டத்தட்ட 900 நாள் நீடித்த பட்டினிக்குப் படம் ஒதுக்குவது இந்த ஓர் அறையும் சில நிமிடங்களும்தான். பக்கத்து அறைகளின் பொன்முலாம் அதற்குப் பிறகு பழையபடி மின்னுவதில்லை.

நம் மனத்தாங்கலையும் சொல்லத்தான் வேண்டும். வெட்டே இல்லாத இந்தப் படத்தில் மிகப் பெரிய வெட்டு ஒன்று இருக்கிறது, அது 1917. கெர்கியெவ் இசைநடத்தும் நடன விருந்தோடு ஜார் காலம் முடிகிறது. புரட்சிக்கு ஓர் அறைகூட இல்லை. இந்த அரண்மனையைத் தாங்கிய பண்ணையடிமைகளுக்கும் இல்லை. சொகுரோவின் துக்கம் உண்மையானது, அழகானதும்கூட. ஆனால் அது சீமான்கள் பக்கம் நின்று படும் துக்கம். கலையில் தேர்ந்தவர் என்பதால் அதைக் கேட்காமல் விட முடியாது.

இதே அரண்மனையின் யோர்தான் படிக்கட்டில் இன்னொரு மேதையும் கேமரா வைத்தார். 1928-இல் வெளிவந்த ஐசன்ஸ்டைனின் ‘அக்டோபர்’ படத்தில், 1917-இன் இடைக்கால அரசுத் தலைவர் கெரென்ஸ்கி அந்தப் படிகளில் ஏறுகிறார், ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். துண்டு துண்டாக வெட்டி ஒட்டியே ஐசன்ஸ்டைன் அவரை உச்சிக்குப் போய்ச் சேரவிடாமல் செய்துவிட்டார். சொகுரோவ் படத்திலோ விருந்து முடிந்த கூட்டம், நகைகளும் சீருடைகளுமாக, அதே படிகளில் நிதானமாக இறங்கி வருகிறது. அவர்களோடு கேமராவும் இறங்குகிறது. வரலாற்றை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றவருக்கும், உடையாமல் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கியவருக்கும் இடையே நடக்கும் வாக்குவாதம் இது. நம் ஊர்த் திரைப்படச் சங்கங்கள் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் திரையிட வேண்டும், முதலில் ‘அக்டோபர்’. இரண்டாம் நாள் இடைவேளை விடாதீர்கள். பார்த்தவர்கள் எழுதி அனுப்பினால், மாறுபட்ட கருத்தாக இருந்தாலும், அடுத்த இதழில் இடம் தருகிறோம்.