முதலில் பின் ஆக்சில், அப்புறம் கியர்பாக்ஸ்

1960-களின் அமெரிக்க மஸில் கார் ஒன்றுக்கு ஓவர்டிரைவ் உள்ள மேனுவல் கியர்பாக்ஸ் மாட்ட வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர், எந்த கியர்பாக்ஸ் என்பதை முடிவு செய்துகொண்டுதான் வருகிறார். இன்ஜின் தரும் முறுக்குவிசை ஒரு பக்கம், கியர்பாக்ஸ் தாங்கும் என்று கேட்லாக் சொல்லும் எண் இன்னொரு பக்கம். இரண்டாவது பெரிதாக இருந்தால் பேச்சு முடிந்தது. நாமும் தலையாட்டிவிட்டு ஆர்டர் போடுகிறோம். பிறகு வண்டி நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் உதறுகிறது. அல்லது முதல் கியர் சிக்னலைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகிறது. அல்லது அரை நூற்றாண்டு துருப்பிடிக்காமல் பிழைத்த தரைத் தகடு வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. கியர்பாக்ஸில் ஒரு குறையும் இருக்காது. கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் தலைகீழ் வரிசையில் கேட்டிருப்போம்.

தாங்குதிறன் எண்ணைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. பின் ஆக்சில் விகிதம், டயர் விட்டம், கேம்ஷாஃப்ட் ஆகிய மூன்றும் தெரியாமல் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசவே கூடாது.

ஓவர்டிரைவ் அந்தக் காலத்துக்குத் தெரியாத பொருள் அல்ல. 1934-இலேயே கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவில் போர்க்-வார்னர் ஓவர்டிரைவ் வந்துவிட்டது. மூன்று கியர் குடும்ப வண்டிகளில் 1960-கள் வரை அது கிடைத்தது. மஸில் கார்தான் அதை ஒதுக்கியது. மன்சி, போர்க்-வார்னர் டி10, ஃபோர்டின் டாப்லோடர், கிரைஸ்லரின் ஏ833 என எல்லாமே நான்கு கியர், நான்காவது 1.00. கால் மைல் பந்தயத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. இன்றைய உரிமையாளர் கால் மைல் ஓட்டுவதில்லை. தொலைவில் நடக்கும் கண்காட்சிக்கு 70 மைல் வேகத்தில், லாரிகளுக்கு நடுவே, மணிக்கணக்கில் ஓட்டிப் போகிறார். அவர் கேட்பது நியாயம்தான்.

கணக்கு எளிது. மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, அங்குலத்தில் டயர் விட்டத்தால் வகுத்தால் இன்ஜினின் ஆர்.பி.எம். கிடைக்கும். 26 அங்குல டயர், 3.73 ஆக்சில், நேர் நான்காவது கியர் என்றால் 70 மைலில் சுமார் 3,370. அதே வண்டியில் 0.68 ஐந்தாவது கியர் 2,290-க்கு இறக்கும். 0.50 ஆறாவது கியர் 1,690-க்கு இறக்கும். கேட்பவருக்கு 1,690 இனிக்கிறது. அந்த வேகத்தில் அவருடைய இன்ஜின் உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி.

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 1964 போன்டியாக் ஜி.டி.ஓ.வின் 389 கன அங்குல இன்ஜின், ஒற்றை நான்கு பேரல் கார்புரேட்டருடன், 3,200 ஆர்.பி.எம்.-இலேயே 428 பவுண்டு-அடி முறுக்குவிசையை எட்டிவிடும். கீழிருந்தே இழுக்கும் இன்ஜின் அது. 3.23 ஆக்சிலுடன் 70 மைலில் 2,920-இல் ஓடும் அதை 0.68 கியர் 2,000-க்குக் கொண்டுவரும். முகம் சுளிக்காமல் இழுக்கும். அடுத்து 1967 முதல் 1969 வரை வந்த கமாரோ இசட்-28. 302 கன அங்குலம், 5,800-இல் 290 குதிரைத்திறன், 4,200-இல் 290 பவுண்டு-அடி, திட டேப்பட், நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம். 2,000-க்குக் கீழே அந்த கேமுக்கு வாக்குவம் போதாது, கலவை சீராக எரியாது, வண்டி உதறும். இந்த இன்ஜினை 3.73 ஆக்சிலோடு 1,690-இல் ஓட்டச் சொல்வது கொடுமை. ஓட்டுநர் ஆறாவது கியரைத் தொடவே மாட்டார், ஐந்தாவதிலேயே ஓட்டுவார். பணம் கொடுத்து வாங்கிய ஒரு கியர் சும்மா சுற்றும்.

இசட்-28-க்கு 0.81 போன்ற மிதமான ஓவர்டிரைவ் போதும். 70 மைலில் 2,730 வரும். காதுக்கு நிம்மதி, கேமுக்கும் நிம்மதி. ட்ரெமெக்கின் டி.கே.எக்ஸ் கியர்பாக்ஸ் 2.87 முதல் கியருடன் 0.68, 0.81 என இரண்டு ஐந்தாவது கியர்களில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். முறுக்குவிசை எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒன்றே. கேமைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வண்டிக்கு உரியவை.

மறுமுனையில் முதல் கியர் இருக்கிறது. பலர் அதை மறந்தே போகிறார்கள். 2.20 முதல் கியர் உள்ள மன்சி எம்21-ஐ 4.10 ஆக்சிலோடு போட்டது, இரண்டும் சேர்ந்து 9.02 ஆகும் என்று தெரிந்துதான். அந்த மன்சியைக் கழற்றிவிட்டு 3.27 முதல் கியர் உள்ள ஐந்து கியர் பெட்டியை மாட்டி, ஆக்சிலைத் தொடாமல் விட்டால் மொத்தம் 13.4. பழைய வண்டி முதல் கியரில் 6,000 ஆர்.பி.எம்.-க்குள் 51 மைல் தொட்டது. இது 35 மைலிலேயே முடிந்துவிடும். டயர் புகையும், கை ஓயாமல் கியர் மாற்றும், வண்டி முன்னைவிட வேகமாகப் போகாது. மொத்த விகிதம் 9-க்கும் 10.5-க்கும் இடையில் இருந்தால் தெருவில் ஓடும் பெரிய வி8 வண்டி நன்றாகக் கிளம்பும் என்பது என் அனுபவம். 2.87 முதல் கியர் என்றால் 3.31 அல்லது 3.55 கிரவுன் பினியன் பொருந்தும். ஆகவே ஓவர்டிரைவ் வேலைக்கு விலை சொல்லும்போதே கிரவுன் பினியன் மாற்றுவதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் செலவு வேண்டாம் என்கிறவருக்கு, இருக்கும் ஆக்சிலுக்கு ஒத்த கியர் தொகுப்பை மட்டுமே காட்டுங்கள்.

கியர்களுக்கு இடையிலான இறக்கத்தையும் பார்க்க வேண்டும். எம்21-இல் எந்த மாற்றத்திலும் ஆர்.பி.எம். ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் விழாது. அந்த வண்டியை ஓட்டும் சுகத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. 2.87 தொகுப்பில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு 34 சதவீதம் விழும். ஆனால் மூன்றாவது 1.28, எம்21-இன் மூன்றாவதும் அதே 1.28. மேலே பழைய வண்டியின் குணம் அப்படியே இருக்கும், கீழேதான் இடைவெளி அகலும். இதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் வராது.

மோபார் வண்டிக்காரர்கள் தேடி எடுக்கும் 1975-க்குப் பிந்தைய ஏ833 ஓவர்டிரைவும் இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. 3.09, 1.67, 1.00, 0.73. வெளியே பார்த்தால் பழைய நான்கு கியர் பெட்டி, உள்ளே மூன்று கியரும் ஓர் ஓவர்டிரைவும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 40 சதவீதம் விழும். 318 இன்ஜின் வைத்த, அமைதியாக ஓடும் வண்டிக்கு அது சிக்கனமான, நல்ல தேர்வு. 440 சிக்ஸ் பேக்குக்கு அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

இப்போது முறுக்குவிசைக்கு வரலாம். 1990 முதல் 1993 வரையான மஸ்டாங்கின் டி5 கியர்பாக்ஸ் 300 பவுண்டு-அடிக்கு, அதன் உறுதியான வடிவமான டி5-இசட் 330-க்கு, டி.கே.எக்ஸ் 600-க்கு, டி56 மேக்னம் 700-க்கு. இந்த எண்களை 1970 செவெல் எல்.எஸ்.6-இன் 500 பவுண்டு-அடியோடு நேராக ஒப்பிடக் கூடாது. 1971 வரை டெட்ராய்ட் அறிவித்தவை பெரும்பாலும் கிராஸ் எண்கள்; துணைச் சாதனங்களும் வண்டியின் புகைபோக்கியும் இல்லாமல், இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்தவை. 1972 முதல் வந்தவை நெட் எண்கள். அதைவிட முக்கியம், கியர் பல் உடைவது நிதானமாக இழுக்கும்போது அல்ல; அதிர்ச்சியில்தான். சாதாரண ரேடியல் டயர் போட்ட 289 மஸ்டாங்கில் டி5-இசட் நீண்ட காலம் வாழும். அதே கியர்பாக்ஸை 4,000 பவுண்டை நெருங்கும் வண்டியில் மாட்டி, பிடிமானம் மிகுந்த டயரோடு 4,000 ஆர்.பி.எம்.-இல் கிளட்சை விட்டால் பிழைக்காது. டயரையும் வலது காலையும் பற்றிக் கேளுங்கள். இன்னொன்று: டி5-இல் ஐந்தாவது கியர் பிரதான உறைக்குப் பின்னால், வால் உறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டில் ஐந்தாவதிலேயே முழுதாக மிதிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது ஆகாது.

தரைத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மேக்னம் பெரிய பெட்டி. முதல் தலைமுறை கமாரோவிலும் செவெலிலும் டனலை வெட்டாமல் அது உட்காராது. ட்ரெமெக்கின் பழைய டி.கே.ஓ. கியர்பாக்ஸுக்கும் பல வண்டிகளில் வெட்டு வேண்டியிருந்தது. 2020-களின் தொடக்கத்தில் வந்த டி.கே.எக்ஸின் உறை சிறிது. பல வண்டிகளில் சுத்தியலால் ஓரிரு இடம் தட்டினால் போதும், சிலவற்றில் அதுவும் வேண்டாம். அப்படி இருக்க, 400 பவுண்டு-அடி இன்ஜினுக்கு ஆறு கியர் என்ற பெருமைக்காக அசல் தகட்டை அறுப்பதை நான் ஏற்க மாட்டேன். மாற்றுத் தகடு கிடைக்கலாம். தொழிற்சாலை வைத்த வெல்டிங் புள்ளிகள் திரும்பக் கிடைக்காது. மோபார் பி, ஈ பாடி வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரில்தான் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்களின் பின்முனையும் நங்கூரமிட்டிருக்கிறது. அதில் இடம் பண்ண வெட்டினால், வலுவூட்டும் தகடு வைத்து முழுதாக வெல்ட் செய்த பிறகுதான் வண்டி லிஃப்டிலிருந்து இறங்க வேண்டும்.

கியர்பாக்ஸ் எண்ணும் வண்டி எண்ணும் பொருந்தும் மன்சி எம்22 ஒன்று கிடைத்தால், அதைக் கழற்றாமல் பின்னால் கியர் வெண்டர்ஸ் யூனிட் சேர்ப்பதை முதலில் யோசியுங்கள். 0.78 ஓவர்டிரைவ்; 3.73 ஆக்சிலில் 70 மைலுக்கு 2,630 ஆர்.பி.எம். ஷாஃப்டைக் குட்டையாக்க வேண்டும், டனலில் இடம் பார்க்க வேண்டும். ஆனால் அசல் பெட்டி அசல் இடத்திலேயே இருக்கும். சில உரிமையாளர்கள் இதைப் பழைய யோசனை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வேலை முடிந்து வண்டியைக் கொடுத்த மறுவாரம் வரும் புகார் பெரும்பாலும் ‘புது கியர்பாக்ஸ் சத்தம் போடுகிறது’ என்பது. ஓவர்டிரைவ் இன்ஜினின் வேகத்தைத்தான் குறைக்கிறது. 3.73 ஆக்சில் உள்ள வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் 70 மைலில் முன்பு சுற்றிய அதே 3,370 சுற்றுகளை இப்போதும் சுற்றுகிறது. இன்ஜின் அடங்கியதும், அதுவரை மறைந்திருந்த கிரவுன் பினியன் முனகலும் ஷாஃப்ட் அதிர்வும் காதில் விழுகின்றன. அதிலும் டனலைக் காப்பாற்ற வேண்டும் என்று கியர்பாக்ஸின் வாலைக் கீழே இறக்கியிருந்தால் கிராஸ் ஜாயின்ட் கோணம் கெட்டு அதிர்வு நிஜமாகவே கூடும். முன் ஜாயின்ட், பின் ஜாயின்ட் இரண்டின் இயங்கு கோணமும் 1 முதல் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று சமமாக, எதிர்த் திசையில் இருக்க வேண்டும். வண்டி தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும்போது அளக்க வேண்டும். லிஃப்டில் பின் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

ஆயில், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் இணைப்பு எல்லாம் தயாரிப்பாளரின் தாளில் இருக்கிறது. படித்து அதன்படி செய்தால் போதும். நவீன கியர்பாக்ஸில் கெட்டியான பழைய கியர் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

படித்தும் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு: பெல் ஹவுசிங்கின் துளை கிராங்க் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது. ஃப்ளைவீலில் கேஜைப் பொருத்தி, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மொத்த வேறுபாடு 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஆஃப்செட் டவல் பின் போட்டுச் சரிசெய்து மறுபடி அளக்க வேண்டும். பழைய மன்சி கொஞ்சம் விலகலைப் பொறுத்துக்கொள்ளும். இன்றைய கியர்பாக்ஸ் பொறுக்காது; கியர் கடினமாக விழும், அதிக ஆர்.பி.எம்.-இல் விழவே விழாது, பைலட் பேரிங் தேயும், சிங்க்ரோ ரிங் கருகும், கடைசியில் பழி கியர்பாக்ஸின் மேல் விழும். ஸ்கேட்டர்ஷீல்ட் போன்ற மாற்று பெல் ஹவுசிங் புதிதாக வாங்கியது என்பதற்காக இந்த அளவைத் தவிர்க்கக் கூடாது.

ஆகவே நம் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். ஓவர்டிரைவ் வேலை முடித்துக் கொடுக்கும் பில்லில், சாமான் விலைக்கும் கூலிக்கும் கீழே, அந்த வண்டியின் ஆக்சில் விகிதம், டயர் விட்டம், 70 மைலில் கணக்கிட்ட ஆர்.பி.எம்., முன்பின் ஜாயின்ட் கோணங்கள், பெல் ஹவுசிங்கின் டயல் அளவு ஆகியவற்றை உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். கழற்றிய அசல் கியர்பாக்ஸை ஆயில் வடித்து, திறப்புகளை அடைத்து, அதில் குத்தியிருக்கும் எண்ணையும் அதே தாளில் குறித்து, உரிமையாளரிடம் திருப்பி ஒப்படையுங்கள்.