நூறாவது டெஸ்ட்

அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே! அஸ்வினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உங்கள் நினைவுதான் வருகிறது.

2024 பிப்ரவரி 16-ஆம் தேதி, ராஜ்கோட்டில் அவர் தமது 500-வது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வரவே, அன்றிரவே சென்னைக்குப் புறப்பட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்த தாயார், எதற்காக வந்தாய் என்றல்லவா கேட்டார்! மேட்ச் நடக்கிறதே, திரும்பிப் போ என்றும் சொல்லிவிட்டார். பிள்ளையும் நாலாம் நாளே திரும்பிப் போய் ஒரு விக்கெட் எடுத்தார்.

மறு மாதம் தர்மசாலாவில் அவருடைய 100-வது டெஸ்ட். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல்வர் அவரே. அதில் மட்டும் ஒன்பது விக்கெட்டுகள்!

ஸ்கோர் புத்தகத்தில் தாயாரின் பெயர் இராது. அதனால் என்ன, நாம் மறப்போமா?